வானம் இல்லாமல் ஓடிய கடிகாரம்

பயிற்சி முடித்து வேலைக்கு வரும் இளம் பொறியாளர்களான உங்களுக்காக ஏதாவது எழுதச் சொல்லிப் பயிற்சி மையத்தில் கேட்டபோது எதை எழுதுவதென்று கொஞ்சம் திகைத்தேன். தொலைபேசித் துறையில் நான் கைவைத்த இயந்திரங்களில் பாதி இன்று எங்கும் ஓடவில்லை. அவற்றை எப்படிப் பராமரித்தோம் என்று எழுதினால் உங்களுக்குப் பயன்படாது. ஆனால் எல்லோரும் பதறிக்கொண்டிருக்கும்போது ஓர் இயந்திரத்தின் முன்னால் தனியாக நின்று, கை வைப்பதா வேண்டாமா என்று முடிவு செய்ய வேண்டிய வேளைகள் எனக்கு வந்தன. உங்களுக்கும் வரும். அதைப் பற்றி எழுதலாம் என்று தோன்றியது.

இன்னொரு காரணமும் உண்டு. ஓய்வு பெற்ற பிறகும் ஒரு விஷயத்தில் எனக்கு வியப்பு அடங்கவில்லை. நேரம் என்கிறோமே, அதுதான்.

1989இல் திருவண்ணாமலை தொலைபேசி நிலையத்தில் இளநிலைப் பொறியாளராகச் சேர்ந்தேன். அப்போது எங்களுக்கு நேரம் என்றால் சுவர்க் கடிகாரம். வெளியூருக்கு ட்ரங்க் கால் பேசியவர் எப்போது ஆரம்பித்தார், எப்போது முடித்தார் என்று குறிக்க அது போதும். கொஞ்சம் முன்னே பின்னே ஓடினாலும் ஊரில் எதுவும் நின்றுவிடாது. அடுத்த பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் எல்லாம் தலைகீழாகிவிட்டது. கம்பி இல்லாத வீட்டு ஃபோன்கள் வந்தன. அவற்றுக்காக ஊரைச் சுற்றி டவர்கள் நட்டோம். எல்லா டவர்களும் ஒரே அலைவரிசையில் பேசும். தேர் வடம் பிடிக்கிறவர்கள் அத்தனை பேரும் ஒரே குரலுக்கு இழுப்பதுபோல, டவர்கள் எல்லாம் ஒரே நேரத்துக்கு அடி எடுத்து வைக்க வேண்டும். ஒன்று மட்டும் கொஞ்சம் தள்ளிப் போனால் அதுவும் கெடும், பக்கத்தில் இருப்பதையும் கெடுக்கும். கொஞ்சம் என்றால் எவ்வளவு என்கிறீர்கள்? ஒரு நொடியைப் பத்து லட்சம் துண்டாக்கினால் வருகிற துண்டுகளில் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவு.

அந்த நேரத்தை எங்களுக்கு வானம் கொடுத்தது. ஜி.பி.எஸ். என்றதும் வழி காட்டுவதுதான் எல்லோருக்கும் நினைவு வரும். வழி காட்டுவது அதன் பாதி வேலைதான். ஒவ்வொரு செயற்கைக்கோளிலும் அணுக் கடிகாரம் இருக்கிறது. இப்போது மணி என்ன என்று அது சொல்லிக்கொண்டே இருக்கிறது. டவர் உச்சியில் காளான்போல ஒரு சின்ன ஆன்டெனா வைத்து அதைக் கேட்டோம்.

அந்த வானத்தை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று எனக்கு முதலில் காட்டியது ஒரு கையடக்க ஜி.பி.எஸ். கருவி. டவருக்கு இடம் பார்ப்பதற்காக அதை எங்கள் அலுவலகத்துக்கு அனுப்பியிருந்தார்கள். நானும் எங்கள் தொழில்நுட்பர் சேகரும் அதை மொட்டை மாடிக்கு எடுத்துப்போனோம். சேகரும் என் வயதுதான். எதையும் கழற்றிப் பார்த்தால்தான் தூக்கம் வரும் அவருக்கு. கருவியைக் கைப்பிடிச் சுவர்மேல் வைத்துவிட்டு இரண்டு பேரும் உட்கார்ந்து பார்த்தோம். சுவர் நகரவில்லை. கருவியும் நகரவில்லை. ஆனால் திரையில் எங்கள் இடத்தைக் காட்டிய புள்ளி மட்டும் மெதுவாகத் தெருவைத் தாண்டியது, கடைகளின் மேல் ஏறியது, திரும்பி வந்தது.

"ஓட்டையா இருக்கும் மேடம்" என்றார் சேகர்.

ஓட்டை இல்லை. அந்தச் செயற்கைக்கோள்களுக்குச் சொந்தக்காரர்கள், மற்றவர்களுக்குச் சரியான இடம் தெரியக்கூடாது என்று வேண்டுமென்றே கொஞ்சம் பிழையைக் கலந்து அனுப்பினார்கள். அப்புறம் இரண்டாயிரமாவது வருஷக் கோடையில் ஒருநாள் அந்தப் பிழையை எடுத்துவிட்டார்கள். அதே சுவரில் அதே கருவியை வைத்தோம். புள்ளி ஆணி அடித்ததுபோல நின்றது. சேகர் ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு அன்று சந்தோஷமும் பயமும் ஒன்றாக வந்தன. யாரோ எங்கோ ஒரு விசையைத் திருப்பினார்கள், திருவண்ணாமலையில் ஒரு புள்ளி நின்றது. அப்படியென்றால் அது மறுபடியும் அலையவும் கூடும். கிடைப்பதை மறுக்காமல் வாங்கிக்கொள்ளலாம். அது இல்லாத நாளில் என்ன செய்வோம் என்பதையும் கையோடு யோசித்து வைக்க வேண்டும். இதை நான் அப்போதே எல்லோரிடமும் சொன்னேன். யாரும் மறுக்கவில்லை, யாரும் எதுவும் செய்யவும் இல்லை. அந்த நாளும் வந்தது. அது தீபத்தன்றே வந்தது.

கார்த்திகை தீபத்துக்கு ஊரில் சேரும் கூட்டத்தைப் பற்றி உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. அந்த வருஷம் கிரிவலப் பாதை முழுக்கக் காவல் உதவி மையங்களுக்கும் மருத்துவ முகாம்களுக்கும் எங்கள் கம்பியில்லா ஃபோன்களைக் கொடுத்திருந்தோம். செல்போன் இன்னும் எல்லார் கைக்கும் வராத காலம். மலைக்குப் பின்பக்கம், அடி அண்ணாமலையில் இருந்த டவர்தான் அந்தப் பகுதிக்கு மொத்தத் துணை.

மதியச் சாப்பாட்டு வேளைக்கு அங்கே ஃபோன்கள் ஒவ்வொன்றாக விழ ஆரம்பித்தன. பேச்சு பாதியில் அறுந்தது. பக்கத்து டவரின் எல்லையிலும் இரைச்சல். நானும் சேகரும் ஜீப்பைப் பாதி வழியில் விட்டுவிட்டுக் கூட்டத்தோடு கூட்டமாக நடந்து போய்ச் சேர்ந்தோம். டவர் அறையில் சிவப்பு விளக்கு எரிந்தது. டவருக்குச் சரியான நேரம் கிடைக்கவில்லை என்பது அதன் அர்த்தம். லேப்டாப்பைச் செருகிப் பார்த்தேன். கண்ணுக்குத் தெரியும் செயற்கைக்கோள்கள் என்ற இடத்தில் பூஜ்யம்.

பழைய பதிவுகளைப் புரட்டிப் பார்த்தேன். வானம் போனது மதியம் அல்ல, முந்தின நாள் சாயங்காலமே போய்விட்டது. அதுவரை டவர் எப்படி ஓடியது? உள்ளே ஒரு கிரிஸ்டல் இருக்கிறது. புளியங்கொட்டை அளவு குவார்ட்ஸ் துண்டு. சூடு மாறாத சின்ன அடுப்புக்குள் வைத்திருப்பார்கள். வானம் பேசும்போதெல்லாம் அதைக் கேட்டுத் தன் துடிப்பைத் திருத்திக்கொள்ளும். வானம் நின்றுபோனால், கற்றுக்கொண்டதை வைத்துக்கொண்டு தனியாக எண்ணும். முந்தின நாள் சாயங்காலத்திலிருந்து அது தன்னந்தனியாக எண்ணியிருக்கிறது. கட்டுப்பாட்டு அறையில் மஞ்சள் எச்சரிக்கை ஒன்று வந்திருந்தது. ஃபோன்கள் ஓடிக்கொண்டிருந்ததால் அதை யாரும் பொருட்படுத்தவில்லை. மதியம்தான் அது தாங்க முடியாமல் விட்டுவிட்டது.

இதை மட்டும் நன்றாக மனதில் வையுங்கள். தாங்கிப் பிடிக்கும் ஒன்று உள்ளே இருந்தால், உடைந்தது வெளியே தெரியாது. மஞ்சள் விளக்கைத்தான் பயந்து பார்க்க வேண்டும். சிவப்பு எரியும்போது நேரம் கடந்துவிடுகிறது.

அந்த அறையில் கம்பி வழியாக வரும் சர்வீஸ் ஃபோன் ஒன்று இருந்தது. அது அடித்தது. எங்கள் கோட்டப் பொறியாளர் பேசினார். நல்ல மனிதர், ஆனால் அவருக்கு மேலே இருந்தவர்கள் அவர் தலையில் ஏறி உட்கார்ந்திருந்தார்கள்.

"என்னம்மா ஆச்சு? கலெக்டர் ஆபீஸ்லேருந்து மூணாவது போன். ஒரு தடவ மொத்தமா ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க."

"வேணாங்க சார்."

"ஏன்?"

"ஆஃப் பண்ணா கிரிஸ்டல் ஆறிடும். மறுபடி சூடேறி நிதானத்துக்கு வர சாயங்காலம் தாண்டிடும். கோளாறு நம்ம மெஷின்ல இல்லேன்னு தோணுது."

"தோணுதுன்னா?"

"அரை மணி குடுங்க சார்."

கொடுத்தார். சேகர் அதற்குள் உபரி ரிசீவரை மாற்றிப் பார்த்துவிட்டார். அதற்கும் வானம் தெரியவில்லை. ஆன்டெனா கேபிளை மாற்றினார். பலனில்லை. இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றபோது தெருவில் கரண்ட் போனது. பாதை ஓரத்துக் கடைகளில் ஓடிய ஒலிபெருக்கிகள் நின்றன. எங்கள் அறையில் பேட்டரி இருந்ததால் ஃபேன் மட்டும்தான் நின்றது.

லேப்டாப் திரையில் ஒரு கோடு முளைத்தது. பிறகு இன்னொன்று. நான் சேகரின் தோளைத் தட்டினேன். வரிசையாகச் செயற்கைக்கோள்கள் வந்தன. வேர்வை வழிய நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கரண்ட் வந்தது, ஒலிபெருக்கி அலறியது. கோடுகள் எல்லாம் ஒரே மூச்சில் அணைந்தன.

"கரண்ட்ல ஓடற ஏதோ ஒண்ணு மேடம்" என்றார் சேகர். "இந்தத் தெருவுலயே."

நான் கூடக் கொண்டுவந்திருந்த அந்தக் கையடக்கக் கருவியை எடுத்துக்கொண்டு கிரிவலப் பாதைக்கு வந்தேன். கூட்டத்தோடு ஊர்ப்பக்கம் கொஞ்சம் போனால் திரையில் கோடுகள் வந்தன. திரும்பி வந்தால் போயின. எதிர்ப்பக்கம் போனாலும் அப்படித்தான். எங்கே முற்றிலும் இருட்டாகிறது என்று பார்த்துக்கொண்டே நடந்தேன். வெறுங்காலோடு நடந்துகொண்டிருந்த ஒரு பெரியவர் என் கையில் இருந்ததைப் பார்த்துவிட்டு, "இன்னும் எவ்ளோ தூரம்மா?" என்று கேட்டார். "பாதி தாண்டிட்டீங்க ஐயா" என்றேன். அவர் கும்பிட்டுவிட்டுப் போனார்.

டவருக்குப் பின்பக்கச் சந்தில், ஓர் ஓட்டு வீட்டின் முன்னால் வந்ததும் கருவி முழுக்கக் குருடானது. கூடவே வந்த சேகர் அண்ணாந்து பார்த்தார். மூங்கில் கழியில் புது டி.வி. ஆன்டெனா, வெயிலில் பளபளத்தது. அதன் கழுத்தில் ஒரு சின்ன டப்பா. பூஸ்டர்.

அடி அண்ணாமலையில் பூஸ்டர் வைக்காத வீடு கம்மி. சென்னைப் பக்கத்திலிருந்து வரும் டி.வி. அலையை மலை மறித்துவிடும். வருவதைப் பெருக்கிக் கொடுக்கத்தான் அந்த டப்பா. ஆனால் மட்டமாகச் செய்த டப்பா, மைக்கை ஸ்பீக்கர் பக்கத்தில் வைத்தால் கீச்சிடுவதுபோல, தானே கீச்சிட ஆரம்பித்துவிடும். காதுக்குக் கேட்காது. டி.வி.யில் படமும் நன்றாகவே தெரியும். இந்த டப்பா கீச்சிட்ட இடம் செயற்கைக்கோள்கள் பேசும் இடமாகப் போய்விட்டது.

வாசலில் நின்று குரல் கொடுத்தேன்.

"யாரு?"

"டெலிபோன் ஆபீஸ்லேருந்து வர்றோங்க."

"எங்க வூட்ல போனே இல்லியே."

உள்ளே கட்டிலில் ஒரு பெண் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயது இருக்கும். முழங்கால்வரை மாவுக்கட்டு. மடியில் முறம். மல்லாட்டை, அதுதான் வேர்க்கடலை, உரித்துக்கொண்டிருந்தார். எதிரே ஸ்டூலில் டி.வி. கோயிலிலிருந்து நேரடி ஒளிபரப்பு ஓடிக்கொண்டிருந்தது. பெயர் கன்னியம்மாள்.

விஷயத்தைச் சொன்னேன். அவர் உரிப்பதை நிறுத்தவில்லை.

"ஊரு பூரா டிவி ஓடுது. என் வூட்டு டிவிதான் உங்க கண்ணுக்குத் தெரிஞ்சுதா?"

"டிவி மேல குத்தம் இல்லக்கா. மேல இருக்கற டப்பாதான்."

"அத்த நேத்து சாயங்காலம்தான் என் புள்ள வாங்கியாந்து கட்டுனான். ஏன் கட்டுனான் தெரியுமா? இன்னிக்கு அவன் கோயிலுக்கு உள்ள தவில் வாசிக்கிறான். சாமி வெளிய வர்ற நேரத்துக்கு. மொத தடவ கூப்ட்டிருக்காங்க. எனக்குக் கால் இப்பிடி. போய்ப் பாக்க முடியாது. டிவியில பாரும்மான்னு கட்டிக் குட்த்துட்டுப் போயிருக்கான்."

உங்களுக்குத் தெரியும், தீபத்தன்று சாயங்காலம் அர்த்தநாரீஸ்வரர் வருஷத்தில் அந்த ஒரு தடவைதான் சன்னிதியை விட்டு வெளியே வருவார். சில நிமிஷம்தான். அப்போதுதான் மலை உச்சியில் தீபம் ஏறும். அந்தச் சில நிமிஷத்துக்குத்தான் இந்த அம்மாவின் மகன் வாசிக்கப் போகிறான்.

சேகர் என்னைப் பார்த்தார். போலீஸைக் கூப்பிட்டு வந்து பிடுங்கலாம். ஒரு சொல் போதும். நான் கட்டில் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். கருவியை வாசற்படியில் வானம் தெரிகிறமாதிரி வைத்து, திரையை அவர் பக்கம் திருப்பினேன்.

"பூஸ்டர் பிளக்க மட்டும் ஒரு நிமிஷம் புடுங்கறீங்களா? நீங்களே புடுங்குங்க."

பிளக் கட்டில் தலைமாட்டில் இருந்தது. எரிச்சலோடு பிடுங்கினார். டி.வி.யில் படம் புள்ளி புள்ளியாகக் கலைந்தது. கருவியில் ஒரு கோடு எழுந்தது.

"இது இன்னா?"

"ஒரு சாட்டிலைட்."

இரண்டாவது எழுந்தது. மூன்றாவது.

"ஒவ்வொரு கோடும் ஒண்ணா?"

"ஆமா. இங்கேருந்து இருபதாயிரம் கிலோமீட்டர் மேல சுத்திக்கிட்டு இருக்கு. நம்ம வீட்டுக் குண்டு பல்பு எரியற சக்திதான் அதுக்கு. அவ்ளோ தூரத்துலேருந்து இந்த வாசல்ல வந்து விழுது."

கன்னியம்மாள் பிளக்கைச் செருகினார். கோடுகள் போயின. பிடுங்கினார். வந்தன. மறுபடி செருகிப் பார்த்தார். முறத்தைக் கீழே வைத்துவிட்டார்.

"அவ்ளோ தூரத்துலேருந்து வர்றத என் வூட்டு டப்பா நிறுத்துதா?"

"நிறுத்துதுக்கா. அது அவ்ளோ மெலிசா வருது. அந்த மெலிசான சத்தத்த வெச்சுத்தான் போலீஸ் பூத்து, ஆஸ்பத்திரி கேம்ப்பு எல்லா போனும் ஓடுது."

பிளக் அவர் கையிலேயே இருந்தது.

"அப்ப நான் என் புள்ளயப் பாக்கக் கூடாது."

கிரிஸ்டலை நினைத்தேன். முந்தின நாளிலிருந்து தனியாக எண்ணிய அது இன்னும் சூடாகத்தான் இருக்கிறது. வானத்தை ஒரு மணி நேரமாவது கேட்டுவிட்டால் மறுபடி தெளிந்துவிடும். அதற்குப் பிறகு அரை மணி வானம் இல்லாவிட்டால் என்ன?

"இப்ப ஆஃப்லயே வெச்சிருங்க. ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்னாடி நான் வந்து சொல்றேன். அப்ப போட்டுக்கோங்க."

"நெஜமா வருவியா?"

"வருவேங்க்கா."

டவர் அறைக்குத் திரும்பியபோது திரை நிறையக் கோடுகள் இருந்தன. சிவப்பு அணைந்து, மஞ்சளாகி, பச்சையானது. ஃபோன்கள் ஒவ்வொன்றாக உயிர் பெற்றன. கோட்டப் பொறியாளரின் குரலில் மூச்சு திரும்பியிருந்தது.

"நல்ல வேலைம்மா. அந்த பூஸ்டர கையோட கழட்டிக்கிட்டு வந்துடுங்க."

நான் கொடுத்த வாக்கைச் சொன்னேன்.

"ஒரு டிவிக்காகவாம்மா? தீபம் ஏத்தற நேரத்துலதான் கூட்டம் ஜாஸ்தி. அப்ப போய் வானத்த மூடறேன்றீங்க."

அவர் சொன்னதில் தப்பில்லை. நீங்கள் அந்த நாற்காலியில் இருந்தாலும் அதையேதான் சொல்வீர்கள். நான் இரக்கத்தைப் பற்றிப் பேசவில்லை. அன்று பேசியிருந்தால் எடுபட்டிருக்காது.

"சார், இந்தப் பாதையில புது பூஸ்டர் அது ஒண்ணுதான்னு நமக்குத் தெரியுமா? ஆறு மணிக்கு வேற ஒருத்தர் போடலாம். அப்பவும் இந்த டவர் நிக்கணும். நிக்குமான்னு நான் பக்கத்துல இருக்கும்போதே தெரிஞ்சுக்கறது நல்லது. நேத்து யாரும் பக்கத்துல இல்ல."

"நிக்கலேன்னா?"

"சேகர் அந்த வீட்டு வாசல்ல நிப்பார். சந்து முனைக்கு வந்து நான் ஒரு குரல் குடுத்தா போதும். பிளக்க புடுங்க எவ்ளோ நேரம் ஆகும்?"

அவர் யோசித்தார். மறுமுனையில் யாரோ அவரை அழைக்கும் சத்தம் கேட்டது.

"செய்ங்க. ஆனா என்ன நடந்தாலும் ஒடனே எனக்குச் சொல்லணும்."

ஆறு மணி நெருங்கும்போது நான் செய்த முதல் காரியம், ஆன்டெனா கேபிளை ரிசீவரிலிருந்து கையால் கழற்றியது. சேகருக்கே அது பிடிக்கவில்லை. பூஸ்டர் ஓடும்போது அரைகுறையாக எதையாவது கேட்டுவிட்டு இதுதான் நேரம் என்று ரிசீவர் நம்பிவிடக் கூடாது. தப்பான நேரத்தைக் கேட்பதைவிட எதையும் கேட்காமல் இருப்பது மேல். இதை ஏட்டில் படித்திருந்தேன். ஆனால் லட்சக்கணக்கில் ஜனம் மலையைச் சுற்றி நிற்கும் நேரத்தில், அந்தத் திருகை விரலால் திருப்பி எடுப்பது வேறு. எடுத்தேன். விளக்கு பச்சையிலிருந்து மஞ்சளுக்கு மாறியது. ஃபோன்கள் ஓடிக்கொண்டிருந்தன.

சேகரோடு சந்து வழியாக ஓடினேன். கன்னியம்மாள் பிளக்கைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

"போட்டுக்கோங்க்கா."

சேகரை வாசலில் நிறுத்திவிட்டு டவருக்குத் திரும்பினேன். அறை வாசலிலிருந்து பார்த்தால் மலை முழுசாகத் தெரியும். பாதையில் நடந்தவர்கள் எல்லாம் நின்றுவிட்டார்கள். எல்லா முகமும் உச்சியைப் பார்த்திருந்தது. நான் மலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். ஒரு மஞ்சள் விளக்கையும், எத்தனை பேர் பேசுகிறார்கள் என்று காட்டும் எண்ணையும் பார்த்துக்கொண்டிருந்தேன். எண் ஏறியது, இறங்கியது, ஏறியது. ஒரு பேச்சும் அறுபடவில்லை.

அப்போது பின்னாலிருந்து அந்தச் சத்தம் வந்தது. அண்ணாமலையாருக்கு அரோகரா. அதை நீங்கள் கேட்டிருப்பீர்கள். ஓர் ஊரே ஒரே மூச்சில் எழுப்பும் சத்தம். அறையின் தகரக் கதவு அதிர்ந்தது. தீபம் ஏறிய கணத்தை நான் பார்க்கவில்லை. அத்தனை பெரிய சத்தத்துக்கு நடுவில், அந்தப் பெட்டிக்குள், புளியங்கொட்டை அளவு கல் ஒன்று யாரையும் கேட்காமல், யாரையும் பார்க்காமல் ஒரே சீராகத் துடித்துக்கொண்டிருந்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பக்தியா என்றால் தெரியாது. ஏதோ ஒன்று.

கொஞ்ச நேரத்தில் சேகர் வந்தார். "அவங்களே ஆஃப் பண்ணிட்டாங்க மேடம். நான் சொல்லவே இல்ல. சாமி உள்ள போனதும் புடுங்கிட்டாங்க."

கேபிளை மறுபடி மாட்டினேன். கோடுகள் எழுந்தன. வானம் சொல்லும் நேரத்தையும் கிரிஸ்டல் எண்ணி வைத்திருந்த நேரத்தையும் பெட்டி ஒப்பிட்டது. ஒரு நொடியைப் பத்து லட்சம் துண்டாக்கினால், அதில் ஒரு முழுத் துண்டுகூட விலகியிருக்கவில்லை. சேகர் அந்த எண்ணை வாய்விட்டுப் படித்தார். பிறகு இன்னொரு தடவை படித்தார். அதன் பிறகுதான் இரண்டு பேரும் வெளியே வந்து மலையைப் பார்த்தோம். உச்சியில் தீபம் நின்று எரிந்துகொண்டிருந்தது.

மறுநாள் மருத்துவ முகாமின் நர்ஸ் ஒருவர் நன்றி சொல்ல ஃபோன் செய்தார். கீழ்பென்னாத்தூரிலிருந்து வந்த ஒருவருக்குத் தீபம் ஏறும் நேரத்தில் நெஞ்சுவலி. ஆம்புலன்ஸுக்குப் பேசியது எங்கள் கம்பியில்லா ஃபோனில்தான். ஆள் பிழைத்துவிட்டார். அந்த அழைப்பு கிரிஸ்டல் தனியாக ஓடிய நேரத்தில் போனது.

அந்த மனிதர் பிழைத்தார் என்பதால் நான் எடுத்த முடிவு சரி என்று எண்ணிவிடாதீர்கள். முடிவு நன்றாக முடிந்தது, அவ்வளவுதான். அதில் நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது வேறு. கிரிஸ்டல் சூடாக இருக்கிறதா என்று பார்த்தேன். தப்பானதைக் கேட்காதபடி கேபிளைக் கழற்றினேன். பின்வாங்க வேண்டியிருந்தால் உடனே பிளக்கைப் பிடுங்க ஓர் ஆளை வாசலில் நிறுத்தினேன். இந்த மூன்றும் இல்லாமல் வாக்குக் கொடுத்திருந்தால் அது வெறும் சூதாட்டம்.

அதற்கப்புறம் எங்கள் கோட்டத்தில் ஒரு பழக்கம் வந்தது. கொண்டுவந்தவர் அதே கோட்டப் பொறியாளர். ஒவ்வொரு டவரிலும், பகல் வெளிச்சத்தில், கூட்டம் இல்லாத நாளில், ஆள் பக்கத்தில் நின்றுகொண்டு ஆன்டெனாவைக் கழற்றிவிட்டு எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பார்ப்போம். சில டவர்கள் வெட்கப்படும்படி விழுந்தன. அவற்றின் கிரிஸ்டலை மாற்றினோம். சில இடங்களில் இரண்டாவது ஆன்டெனாவை வேறு கட்டிடத்தில் வைத்தோம். பெரிய ஊர்களிலிருந்து கம்பி வழியாகவும் நேரம் வரும்படி செய்தோம். வானம் ஒருநாள் போகும் என்பதை ஒரு சந்தேகமாக இல்லாமல் ஒரு வேலையாக எடுத்துக்கொண்டோம். நீங்கள் வேலை செய்யப்போகும் இடத்திலும் யாராவது ஒருவர் இதைச் செய்துகொண்டிருப்பார். இல்லையென்றால் நீங்கள் ஆரம்பியுங்கள்.

கன்னியம்மாளைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. தீபத்துக்கு மறுநாள் காலை, நல்ல பூஸ்டர் ஒன்றை எடுத்துக்கொண்டு நானும் சேகரும் போனோம். சேகர் ஓட்டின் மேல் ஏறிப் பழைய டப்பாவைக் கழற்றினார். மகன் பின்கட்டில் தூங்கிக்கொண்டிருந்தான். தவில் உறை போட்டு மூலையில் இருந்தது. நான் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தேன்.

"பாத்தீங்களாக்கா?"

"சாமியத்தான் காட்னாங்க. கூட்டத்தக் காட்னாங்க. மேளக்காரங்க பக்கம் ஒரு தடவதான் திருப்புனாங்க."

"முகம் தெரிஞ்சுதா?"

"மொகம் வரல. கை மட்டும் வந்துச்சு." கன்னியம்மாள் மடியில் இருந்த மல்லாட்டையில் ஒரு பிடி எடுத்து என் கையில் வைத்தார். "அவன் கைதான். அந்தக் கைக்குத் தவில் அடிக்கக் கத்துக் குட்த்தப்ப நான் பக்கத்துலதான் இருந்தேன். எனக்குத் தெரியாதா."